செய்தி வரிசையும் அரைப்பேரும்

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். தேயிலை வேரூன்றிய காலந்தொட்டு இம்மலைகளில் ஓயாது நடந்துவரும் கருமங்களுள் ஒன்று கொழுந்து நிறுத்தல். நிறை குறித்த அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிடின் அரைப்பேர். அரைப்பேர் என்னும் சொல்லின் கனத்தைத் தோட்டத்திற் பிறந்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே, மலையில் நிறுத்த நிறை பிழையின்றிக் கந்தோர்க் கணக்கைச் சென்றடைதல் ஒரு குடும்பத்தின் அடுப்பெரிவதோடு தொடர்புடையது. கணக்கப்பிள்ளையின் கொப்பிக்குப் பதிலாக மின்தராசும் கணினியும் இவ்வேலையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். இக்காலக் கணினித்துறையின் நுட்பமான பிரச்சினை ஒன்றை அதனைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

தராசானது கந்தோர்க் கணினியை நேரே அழைத்து, மறுமொழி வரும்வரை காத்து நிற்குமாறு அமைப்பது எளிய வழி. ஆயின் மலைச்சரிவில் அலைத்தொடர்பு அறுந்துபோகும். கந்தோரில் மின்சாரம் நின்றுபோகும். எது நின்றாலும் நிறுவை முழுவதும் நின்றுவிடும். கொழுந்தும் மழையும் கணினிக்காகக் காத்திரா. இதனாலேயே அறிஞர் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். “இன்னாருடைய கொழுந்து இவ்வளவு நிறுக்கப்பட்டது” என்று, நடந்துமுடிந்த நிகழ்வு ஒன்றைத் தராசு செய்தியாக எழுதி ஒரு வரிசையில் இடுகின்றது. இட்டதும் தன் அடுத்த வேலைக்குச் செல்கின்றது. வரிசையோ அச்செய்தியை அழியா நினைவகத்தில் வைத்துக் காக்கின்றது. பெறுவோன் “பதிந்துகொண்டேன்” என்று சான்று கூறும்வரை அதனைக் கைவிடுவதில்லை. பதிவுத் தபாலில் ஒப்பமிட்டுக் கடிதம் பெறுவதை இதற்கு ஒப்பிடலாம். சம்பளக் கணக்கும், கொழுந்து வாட்டும் தொழிற்சாலையும் ஒரே செய்தியின் படிகளைத் தத்தமக்கு இயன்ற வேகத்திற் பெற்றுக்கொள்ளலும் கூடும்.

இனி, சிக்கல் எங்குளது? கந்தோர் செய்தியைப் பதிந்துகொண்டது. ஆயின் அதன் சான்று வழியிலே தொலைந்தது. செய்தியே சேரவில்லையா, அன்றிச் சான்று மட்டும் தொலைந்ததா என அனுப்பியவனால் அறிய இயலாது. சான்றுக்குச் சான்று கேட்பின், அதுவும் தொலையலாம். நம்பவியலாத வழியில் இருவர் முழுநிச்சயமான உடன்பாட்டை எய்தவே முடியாதென்பதை அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்னும் மூவர் 1975ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். ஆகவே நமக்குள்ள வழிகள் இரண்டே. மீண்டும் அனுப்பாதிருந்தாற் சில நிறைகள் தொலையும். உழைத்தவளுக்கு அரைப்பேர் விழும். மீண்டும் அனுப்பினால் ஒரே நிறை இருமுறை சேரும், தோட்டத்துக்கு நட்டம். வழியில் ஒவ்வொரு செய்தியும் ஒரேயொரு முறைதான் செல்லும் என உறுதிகூறி மென்பொருள் விற்பாரும் உளர். அவர்தம் உறுதியைப் பாதியாகக் கொள்வதே நன்று.

மீண்டும் மீண்டும் அனுப்புக. பெறுவோன் இரட்டையை இனங்காண்க. இதுவே ஏற்ற வழி. “6 கிலோ கூட்டுக” என்னும் செய்தி இருமுறை வந்தால் 12 ஆகிவிடும். “3ஆம் தராசின் 114ஆம் நிறுவை 6 கிலோ” என்னும் செய்தி பத்துமுறை வந்தாலும் 6 கிலோவே. இவ்விலக்கம் நிறுக்கும்போதே இடப்படவேண்டும்; அனுப்பும்போது இடப்படின் ஒவ்வொரு முறையும் புதிய இலக்கம் பெற்று, இரட்டை தனிப்பிள்ளையாகிவிடும். தராசை அணைத்து மூட்டினாலும் இலக்கம் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாகாது. கந்தோரிலும், 114ஐப் பெற்றதாகக் குறித்தலும் 6 கிலோவைக் கூட்டுதலும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாதல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். குறித்தல் மட்டும் நிகழ்ந்திருப்பின், மறுமுறை வரும் செய்தியை இரட்டையெனத் தள்ளிவிட, நிறை என்றென்றைக்கும் தொலையும்.

இவ்விலக்கமிடும் முறை கொழுந்துக்கு மட்டும் உரியதன்று. 1996இல் இலங்கையில் தோன்றிய மிலேனியம் ஐ.ரி. என்னும் நிறுவனத்தை இலண்டன் பங்குச் சந்தை 2009இல் விலைக்கு வாங்கி, அதன் மென்பொருளிலேயே 2011 முதல் தன் வணிகத்தை நடத்தலாயிற்று. அங்கு விலைச் செய்திகள் தொடரிலக்கத்துடன் இரு வழிகளில் ஒருங்கே அனுப்பப்படுகின்றன. ஒன்றில் விடுபட்டது மற்றதில் வந்திருக்கலாம்; இரண்டிலும் விடுபடின், பெறுவோன் இலக்க இடைவெளியைக் கண்டு அச்செய்திகளைத் தனிவழியிற் கேட்டுப் பெறலாம். நம் நாட்டு இளைஞர் கைவண்ணம் இலண்டன்வரை சென்றது மகிழ்தற்குரியது.

ஒரு நிறையைத் திருத்தும் செய்தி அந்நிறைக்கு முன்னே வந்துவிடாதவாறு, ஒருவருக்குரிய செய்திகளை ஒரே வரிசையில் வைத்தல் வேண்டும். பதிவேட்டில் இல்லாத பெயரிலக்கத்தோடு வரும் செய்தி எத்தனைமுறை எடுத்தாலும் பதியாது. பின்வருவனவற்றையும் மறித்து நிற்கும். சிலமுறை முயன்றபின் அதனை வேறொரு வரிசைக்கு ஒதுக்குதல் வழக்கம். உரியவரைக் காணாத கடிதங்களுக்கு மேனாட்டுத் தபாற்கந்தோர் வழங்கிய பெயரையே இவ்வரிசைக்கும் இட்டுள்ளனர். ஆயின், ஒதுக்கியதை எவரும் திறந்து பாராவிடின் அந்நிறை தொலைந்ததற்குச் சமமே. சம்பள நாளுக்கு முன்னர் அதனைத் திறந்து தீர்க்கும் பொறுப்பு இன்ன உத்தியோகத்தருடையது என எழுத்திற் குறிக்கப்படல் வேண்டும். கொழுந்து கொடுத்தவள் கையிலும் அதே 114ஆம் இலக்கம் அச்சிட்ட துண்டொன்று இருத்தல் வேண்டும். கணக்கில் ஐயம் எழுமிடத்து, அவள் அதனை நீட்டிக் கேட்கலாம்.