வாடகைக்கு எடுத்த கணக்குப் புத்தகம்

போன மாசம் என் மச்சினன் போன் பண்ணினான். விருதுநகர் பக்கம் சின்னதா ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். "அத்தான், பழைய கணக்கைத் திறந்தா சந்தா கட்டச் சொல்லுது. ஆடிட்டர் ரெண்டு வருசத்துக்கு முந்தின பில்லு கேக்குறாரு. பில்லு போட்டது நான்தானே?"

ஆறு மாசம் முன்னாடி வேறொரு மென்பொருளுக்கு மாறிவிட்டான். பழையதுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியிருந்தான். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒன்று: வாடகை என்பது புதிய அநியாயம் இல்லை. 1959-ல் வந்த ஐபிஎம் 1401 கணினியைப் பெரும்பாலான கம்பெனிகள் வாடகைக்குத்தான் எடுத்தன. மாதம் 2,500 டாலரிலிருந்து ஆரம்பம். மென்பொருள் அதோடு சேர்ந்தே வந்தது. பெட்டியில் டிஸ்க் வைத்து விற்றதெல்லாம் நடுவில் வந்த பழக்கம். 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் பிரவுசர் வழியாகச் சந்தாவுக்குக் கொடுத்தது. 2013-ல் அடோபி, இனி கிரியேட்டிவ் சூட் புதிய பதிப்புகள் விற்பனைக்கு வராது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. ஆக, சுற்றி மறுபடி வாடகைக்கே வந்திருக்கிறோம்.

மாறியது வேறு. நம் தரவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

கிளவுட் என்றால் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் நம் கடைப் பெயர் போட்டு ஒரு ஃபைல் இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான கடைகளின் பில்கள் ஒரே அட்டவணையில் கலந்து கிடக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு வாடிக்கையாளர் எண் இருக்கும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் "இந்த எண் உள்ள வரிகளை மட்டும் காட்டு" என்ற நிபந்தனை ஒவ்வொரு தேடலிலும் ஒட்டிக்கொள்ளும். (இந்த நிபந்தனையை ஒரு இடத்தில் மறந்தால் பக்கத்துக் கடை பில் உங்களுக்குத் தெரியும். இந்தப் பயத்தில் தூக்கம் கெட்ட இரவுகள் எனக்கு உண்டு.) மாசம் சில நூறு ரூபாய்க்குக் கொடுக்க முடிவது இதனால்தான். ஒரே சர்வர், ஒரே பராமரிப்பு.

இதற்கு மறுபக்கம் உண்டு. சந்தா நின்றதும் உடனே எதுவும் அழிவதில்லை. ஒரு அடையாளக் குறி மாறும், கதவு மூடும். காப்பி எடுக்க "உங்க ஃபைல்" என்று ஒன்று அங்கே கிடையாது. வெளியே எடுக்கும் வசதியை யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால்தான் உண்டு. கிளம்பிப் போகும் வாடிக்கையாளருக்காக எந்த மேனேஜர் ஆள் ஒதுக்குவார்?

2019-ல் அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. சில வாரங்களில் அரசிடம் உரிமம் பெற்று அந்த முடிவை மாற்றிக்கொண்டது. பணம் ஒழுங்காகக் கட்டியவர்களும் அந்த வாரங்களில் ஃபைல்களை அள்ளிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

நம்ம ஊர்க் கடைக்காரருக்கு இன்னொரு சிக்கல். ஜிஎஸ்டி சட்டம் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். சந்தா மாசக்கணக்கு, சட்டம் ஆறு வருசக்கணக்கு.

கடைசியில் ஒரு மாசச் சந்தா கட்டி, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் உட்கார்ந்தோம். பில்கள் ஒரு சிஎஸ்வி, வரவுகள் ஒரு சிஎஸ்வி, வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று என்று தனித்தனியாக வந்தன. எந்த வரவு எந்த பில்லுக்கு என்ற இணைப்பு எண் மட்டும் வரவில்லை. தொகையையும் தேதியையும் வைத்துக் கையால் பொருத்தினோம். நாற்பது, ஐம்பது வரவுகள் கடைசிவரை பொருந்தவே இல்லை.

அப்புறம் புது மென்பொருளில் சோதனைக்கு ஒரு கணக்கைத் திறந்து, நாலு பொய் பில்லும் ரெண்டு வரவும் போட்டு வெளியே எடுத்துப் பார்த்தோம். இணைப்பு எண் வந்தது. இப்போ மாசக் கடைசியில் அவனே எடுத்து, கடையில் இருக்கிற பென்டிரைவில் போட்டு வைக்கிறான்.