அம்மாவுக்கு எந்த இல்லம்?



எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். 'தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்ல வந்துவிட்டாள்' என்று நினைக்க வேண்டாம். அவள் நல்ல பெண்தான்.

தம்பிக்கு ஒரகடத்தில் வேலை. அவன் மனைவிக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில். இருவருக்கும் ஷிப்ட். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால், போட்டது போட்டபடி ஓட வேண்டும். அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் வீடெல்லாம் பரவிவிட்டது. மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிப் பெண்கள் ஓடி வந்து மூடியதால் பிழைத்தார். அதற்குப் பிறகுதான் தம்பி முதியோர் இல்லம் தேட ஆரம்பித்தான். 'நீ ஏன் வைத்துக் கொள்ளவில்லை' என்று கேட்பீர்கள். என் வீட்டில் மாமியார் ஏற்கெனவே படுக்கையில்.

இலவச இல்லத்தில், 'பிள்ளை இருக்கிறாரே, ஆதரவற்றவர்களுக்குத்தான் இடம்' என்றார்கள். அதுவும் நியாயம்தான். கட்டண இல்லத்தில் 50 ஆயிரம் டெபாசிட், மாதம் 12 ஆயிரம். கடன் வாங்கிச் சேர்த்தோம்.

சேர்த்த மறுமாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மதியம் போனேன். மணி 12 ஆகவில்லை, எல்லோருக்கும் சாப்பாடு முடிந்திருந்தது. ஆயாவுக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டுமாம். 14 பேருக்கு ஒரே ஆயா. ராத்திரி பாத்ரூமுக்கு எழுப்பித் தொந்தரவு செய்யக் கூடாதென்று, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே தருவதில்லை. அம்மா, "நல்லாத்தாம்மா இருக்கேன், நீ கெளம்பு" என்றார். என் புடவைத் தலைப்பை மட்டும் விடவில்லை.

1978ல் சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையாரும், அவருடன் சேர்ந்த நம்மைப் போன்ற இல்லத்தரசிகளும் 'விஸ்ராந்தி'யைத் தொடங்கியபோது, முதியோர் இல்லம் என்றால் யாருமற்ற மூதாட்டிகளுக்கான இடம். இன்று கோவைப் பக்கம் பென்ஷன்காரர்களுக்கு தோட்டம், டாக்டர், சமையல் என்று தனிக் குடியிருப்புகளே வந்துவிட்டன. யாருமில்லாதவருக்கு ஒன்று, பணமுள்ளவருக்கு ஒன்று. பிள்ளையும் இருந்து, அந்தப் பிள்ளை ஷிப்டுக்கும் போகிற வீட்டுக்கு? எங்கள் ஊரில் பாதி வீடு அப்படித்தான். வேலைக்கு வரும் பெண்கள் தங்க, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு விடுதி திறந்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால், 2007ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு 150 ஏழை முதியோர் தங்கும்படி ஒரு இல்லமாவது வேண்டும் என்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது.

உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் 2018 பிப்ரவரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு இல்லத்தின் வண்டியில், காய்கறி மூட்டையோடும் பிணத்தோடும் ஏற்றி வரப்பட்ட ஒரு மூதாட்டி கூச்சல் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அங்கிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். அதனால், பெற்றவளைச் சேர்க்கும் முன் அரசு பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய போட்டோவைப் பார்த்து மயங்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள், ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

அம்மாவின் பக்கத்துக் கட்டில் பாட்டி, வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவர். மகன் விற்றுவிட்டு, இரண்டு மாதமாகப் பணமும் கட்டவில்லை. 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அதே சட்டத்தின் 23வது பிரிவு வழி தருகிறது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தாயின் வழக்கில் அப்படித் தீர்ப்பு சொன்னது. பாட்டியின் பத்திரத்தில் அந்த வரி இல்லை! எழுதும் அன்றைக்கே கேட்டு எழுத வையுங்கள். மாதப் பராமரிப்பு கேட்டு ஆர்.டி.ஓ.,விடம் மனு கொடுக்கலாம். 10 ஆயிரம் ரூபாய் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. எதற்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் குறித்து வையுங்கள். பாட்டிக்கு அதை எழுதிக் கொடுத்தேன். வாங்கி தலையணை அடியில் வைத்துக்கொண்டு, "பெத்த புள்ள மேலயா?" என்றார்.

2025 மார்ச் பட்ஜெட்டில், முதியோர் பகலில் இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்ப 25 'அன்புச்சோலை' மையங்களை அரசு அறிவித்தது. எங்கள் கம்பெனி ஏரியாவுக்குத் தேவை அதுதான். காலை பஸ்ஸுக்குப் போகும்போது விட்டுவிட்டு, திரும்பும்போது அழைத்து வரலாம். பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

அம்மாவை அழைத்து வந்துவிட்டோம். டெபாசிட்டில் பாதிதான் கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு விதவைப் பெண் பகலில் வந்து பார்த்துக் கொள்கிறாள். சம்பளத்தைத் தம்பியும் நானும் பகிர்ந்து கொள்கிறோம். தம்பி வீட்டில் இருவருக்கும் ராத்திரி ஷிப்ட் விழும் வாரம் அம்மா என் வீட்டில், மாமியாரின் அறையில். டி.வி.,யில் எந்த சீரியல் என்று இருவருக்கும் தினமும் சண்டை. "உங்கம்மா எப்பம்மா ஊருக்குப் போவாங்க?" என்று மாமியார் கேட்கிறார். போன வாரம் அம்மா கிளம்பியதும், "மறுபடி எப்ப வருவாங்க?" என்றார்.

— ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்.