வேனிற்காலக் காதல் புதினங்களும் தன்னேற்பும்: தடாதகைத் தொன்மத்தின் வழி ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: குடும்பப் புதினம், தன்னேற்பு, வேனில், தடாதகை, வாசிப்பு

முன்னுரை

தமிழில் பெண் வாசகரிடையே பெரிதும் பரவிய இலக்கிய வகைகளுள் குடும்பக் காதல் புதினமும் ஒன்று. 1969-இல் தொடங்கிய ராணி முத்து முதலிய நாவல் இதழ்கள் இவ்வகையைக் குறைந்த விலையில் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. லக்ஷ்மி என்னும் பெயரில் எழுதிய மருத்துவர் திரிபுரசுந்தரியும், 150-க்கும் மேற்பட்ட புதினங்களைப் படைத்த ரமணிசந்திரனும் இம்மரபில் நன்கறியப்பட்டவர்கள். ஆயினும், 'பொழுதுபோக்கு' என்னும் ஒரே சொல்லால் இப்புதினங்களை ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே நீடிக்கிறது. தன் உருவையும் இயல்பையும் குறையெனக் கருதாது ஏற்றுக்கொள்ளுதலே தன்னேற்பு. அதனைக் கருவாகக் கொண்ட எளிய காதல் கதைகள் வேனில் விடுமுறையில் ஏன் விரும்பி வாசிக்கப்படுகின்றன என்பதை மதுரை வட்டாரச் சூழலில் வைத்து விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

வேனிலும் திருமணமும்

தொல்காப்பிய அகமரபு வேனிலைப் பாலைக்குரிய பெரும்பொழுதாக வகுத்தது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. மதுரை மக்களின் வாழ்விலோ வேனில் மணவினைக்கு உரிய காலமாக விளங்குகிறது. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம் நிகழ்கிறது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் மண்டபங்கள் நிறைகின்றன. தேர்வு முடித்த கல்லூரி மாணவியர் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் திரும்பும் காலமும் இதுவே. உறவினர் கூடும் அவ்வீடுகளில் பெண்ணின் நிறம், உயரம், பருமன் ஆகியவை வெளிப்படையாகவே பேசப்படுகின்றன. பிறர் கண்ணால் தன்னை அளந்து பார்க்க வேண்டிய நெருக்கடி ஒரு பெண்ணுக்கு மிகுதியாக நேரும் பருவம் இது. அப்பருவத்தில் அவள் கையிலுள்ள காதல் புதினத்தை வெறும் பொழுதுபோக்காக மட்டும் கருதுதல் பொருந்தாது.

எளிமையின் பணி

இக்கதைகளின் முடிவு இன்பமானது என்பது வாசகர் முன்னரே அறிந்த ஒன்று. இதனைக் கலைக்குறையாகக் கூறுவோர் உளர். ஆனால், முடிவு உறுதியாக இருப்பதனாலேயே வாசகர் தம் அச்சத்தைத் துணிந்து எதிர்கொள்ள இயலுகிறது. மாநிறமுடைய தலைவியோ பருமனான தலைவியோ கேலிக்கு உள்ளாகும் இடத்தில், 'இவள் தோற்கமாட்டாள்' என்னும் உறுதி வாசிப்பவருக்குத் துணைநிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பிறரைப் பேணுவதிலேயே நாளைக் கழிக்கும் பெண்கள் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் பொழுதாகக் காதல் புதின வாசிப்பை மதித்தனர் என்று காட்டினார். விருந்தினர் நிறைந்த வீட்டில் ஒரு மூலையில் அமர்ந்து வாசிக்கும் மதுரைப் பெண்ணுக்கும் இது பொருந்தும். கதையின் பொருள் மட்டுமன்றி, வாசிக்கும் அச்செயலும் 'எனக்கென ஒரு நேரம் உண்டு' என அவளை உணரச் செய்கிறது.

தடாதகை காட்டும் இரு விடைகள்

இவ்வகைப் புதினத்தின் மையச் சிக்கலை மதுரையின் தொன்மமே தெளிவாக்குகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணப்படி, மலையத்துவச பாண்டியனின் வேள்வியில் தோன்றிய தடாதகை மூன்று தனங்களுடன் பிறந்தாள். அது கண்டு தந்தை வருந்தினான். மகனுக்குரிய முறையில் அவளை வளர்த்து முடிசூட்டுமாறும், கணவனைக் காணும்போது ஒரு தனம் மறையும் என்றும் அசரீரி அறிவித்தது. அவ்வாறே அவள் அரசேற்றுத் திக்கு விசயம் செய்தாள். கயிலையில் சிவபெருமானைக் கண்டபோது ஒரு தனம் மறைந்தது.

இங்கு இரு விடைகள் அடங்கியுள்ளன. ஆணின் முன்னிலையில் குறை நீங்குகிறது என்பது ஒன்று. குறையெனப்பட்டது உடலில் இருக்கும்போதே அவள் முடிசூடி ஆண்டாள் என்பது மற்றொன்று. காதல் புதினங்களையும் இவ்விரு விடைகளின் அடிப்படையில் பகுத்து நோக்கலாம். தலைவனின் ஒரு பார்வையால் மட்டுமே தலைவி தன்னை அழகியென உணரும் கதை முதல் வகை. அக்கதையில் தன்னேற்பு இரவலாகவே கிடைக்கிறது. பார்வை விலகினால் அதுவும் விலகும். தலைவி தன் தொழிலாலும் மன உறுதியாலும் முன்னரே தன்மதிப்புப் பெற்றிருக்கும் கதை இரண்டாம் வகை. 1963-இல் 'இருவர் உள்ளம்' எனத் திரைப்படமான லக்ஷ்மியின் 'பெண் மனம்' இவ்விடத்தில் கருதத்தக்கது. செல்வம் மிக்கவன் என்பதனால் மட்டும் அதன் நாயகி தன் மனத்தைத் தந்துவிடுவதில்லை. காதலுக்கு முன்பே தன்மதிப்பு அவளிடம் நிலைபெற்றிருக்கிறது.

முடிவுரை

எளிய காதல் புதினத்தின் ஈர்ப்பு, கூர்ந்து அளக்கப்படும் பருவத்தில் அளவுகோலைச் சற்றே விலக்கி வைக்க அது இடமளிப்பதில் உள்ளது. இப்புதினங்களை மதிப்பிடுகையில் 'இலக்கியமா, இல்லையா' என்னும் வினாவோடு நின்றுவிடாமல், 'முடிசூடல் முன்னா, திருமணம் முன்னா' என்னும் வினாவையும் எழுப்புதல் பயனுடையது. ஒரு புதினம் தன் வாசகரிடம் எதனை விட்டுச்செல்கிறது என்பதை அவ்வினா வெளிப்படுத்தும். வகுப்பறையில் இவற்றைப் பெயரளவில்கூடக் குறிப்பிடாது கடந்து செல்லும் நாம், நம் முன் அமர்ந்திருக்கும் மாணவியர் விடுமுறைதோறும் தமக்குள் எழுப்பிக்கொள்ளும் ஒரு வினாவையும் கடந்து செல்கிறோம்.