புது எஸ்.யு.வி.யில் ‘லொடக்’ சத்தம்: பழுதும் பரிகாரமும்

வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போதோ, குண்டும் குழியுமான தெருவில் ஊர்ந்து போகும்போதோ முன்சக்கரப் பக்கம் ‘லொடக்’ என்றோ ‘டொக்’ என்றோ சத்தம் வந்தால், இறுகி நிற்க வேண்டிய இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆட்டம் விழுந்திருக்கிறது என்று பொருள். பழைய வண்டியில் இது பெரும்பாலும் தேய்மானம். வாங்கி ஓரிரு ஆண்டே ஆன எஸ்.யு.வி.யில் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம்: சரியாக முறுக்கப்படாத போல்ட், தரம் குறைந்த ரப்பர் புஷ், பொருத்தும்போது நேர்ந்த பிசகு, அல்லது பள்ளத்தில் விழுந்து பட்ட அடி. காரணம் எது என்பதை வைத்தே செலவு யார் தலையில் விழும் என்பதும் முடிவாகிறது. எனவே, சத்தத்தின் மூலத்தைச் சரியாகப் பிடிப்பதில்தான் வாரண்டி உரிமையும் தொடங்குகிறது.

முன் சஸ்பென்ஷனின் அமைப்பு

கிரெட்டா, செல்டோஸ், நெக்ஸான், பிரெஸ்ஸா போன்ற எஸ்.யு.வி.களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். அதன் மேல்முனை, ஸ்ட்ரட் மவுன்ட் எனப்படும் ரப்பர் தாங்கி வழியாகவும் ஒரு பேரிங் வழியாகவும் வண்டியின் உடலோடு சேர்கிறது. கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பொருந்துகிறது. நக்கிளைக் கீழிருந்து பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் வெளிமுனையில் பால் ஜாயின்ட்டும் உள்முனையில் ரப்பர் புஷ்களும் உண்டு. வளைவில் வண்டி ஒருபக்கம் சாயாமலிருக்க இடது, வலது சக்கரங்களை ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி இணைக்கிறது. அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் மெல்லிய லிங்க் ராடுகள் இருக்கும். சேஸிஸ் மேல் கட்டப்படும் ஸ்கார்பியோ-என், ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் டபுள் விஷ்போன் அமைப்பு. அதில் அப்பர் ஆர்மும் அதற்கென ஒரு பால் ஜாயின்ட்டும் கூடுதல்.

முதலில் விலக்க வேண்டியவை

முன்பக்கச் சத்தமெல்லாம் சஸ்பென்ஷன் சத்தம் அல்ல. வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதே முதல் சோதனை. டயர் கழற்றி மாட்டிய பிறகு சத்தம் தொடங்கியிருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அடுத்து, இன்ஜினுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் கவசம், பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப், பானெட் பூட்டு, நம்பர் பிளேட், ஜாக்கி, கருவிப் பை ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும். டயரில் காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் சிறு குழி பெரிய அடியாகக் கேட்கும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவே சரியான அளவு. கரடுமுரடான பாதையில் பிரேக்கை லேசாக மிதித்தபடி போகும்போது சத்தம் நின்றுவிட்டால் பிரேக் பேடோ கேலிப்பர் பின்னோ ஆடுகிறது என்று கொள்ளலாம்.

எப்போது வருகிறது என்பதே துப்பு

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பிச் சொல்வது கடினம். உலோகத்தின் வழியே ஒலி பரவுவதால் இடப்பக்கப் பழுது வலப்பக்கம் கேட்பதுண்டு. எந்த நிலையில் வருகிறது என்பதே நம்பத்தக்க துப்பு.

குறைந்த வேகத்தில், சிறு மேடுபள்ளங்களில் ‘லொட லொட’ என்று விட்டுவிட்டு வந்தால் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மீது விழ வேண்டும். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. ஒரு வேகத்தடையை இரு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகவும், பிறகு ஒரு சக்கரம் முந்தி ஏறும்படி சாய்வாகவும் கடந்து பார்க்க வேண்டும். இரு சக்கரங்களும் சேர்ந்து உயரும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. லிங்க் மீது சுமை குறைவு. சாய்வாக ஏறும்போது மட்டும் சத்தம் பலமாக வந்தால் லிங்க், அல்லது பாரைத் தாங்கும் புஷ் காரணமாக இருக்கலாம்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் சிக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னோக்கிக் கிளம்பும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் லோயர் ஆர்மின் பின்புற புஷ், அந்த ஆர்மைத் தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டகத்தின் போல்ட் இரண்டையும் பார்க்க வேண்டும். இன்ஜின் மவுன்ட்டும் இதே சத்தம் தரும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்று சக்கரம் சுற்றும் வேகத்துக்கேற்பக் கேட்டால் அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட். ஸ்டீயரிங்கில் கைக்கு எட்டும் அதிர்வோடு சத்தம் வந்தால், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு எண்டையும் ஸ்டீயரிங் ரேக்கையும் சோதிக்க வேண்டும். பெரிய பள்ளத்தில் மட்டும் ‘டொம்’ என்று அடித்தால் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து வலுவிழந்திருக்கலாம். பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பர் நொறுங்கியிருக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் நடக்க வேண்டிய சோதனை

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று இறக்கிவிடுவது சோதனை ஆகாது. லிஃப்ட்டில் இரு சக்கரங்களும் தொங்கும்போது லிங்க் மீது சுமை இல்லாததால் ஆட்டம் மறைந்துவிடும். சக்கரங்கள் தரையில் நிற்கும் நிலையில், ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் அசைக்க, மற்றொருவர் லிங்க் மூட்டில் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே தட்டுவது விரலுக்கே தெரியும். இரு பக்க லிங்க்குகளையும் தற்காலிகமாகக் கழற்றி, வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது இன்னும் தீர்க்கமான சோதனை. சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி பிடிபட்டது.

பால் ஜாயின்ட்டுக்கு, தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். டை ராடு எண்டுக்கு இடமும் வலமுமாக. லோயர் ஆர்மின் மேல் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் டபுள் விஷ்போன் வண்டியில், அந்த ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சுமையை இறக்கினால்தான் கீழ் பால் ஜாயின்ட்டின் தளர்வு தெரியும். புஷ்களை நெம்புகோலால் நெம்பிப் பார்த்தால் ரப்பர் உலோகத்தைவிட்டுப் பிரிந்திருப்பது புலப்படும்.

புது வண்டியில் இரண்டைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சில மாடல்களில், ஏற்றிவரும்போது வண்டி குலுங்காமலிருக்க ஸ்பிரிங்கில் தடுப்புக் கட்டைகள் செருகப்படும்; டெலிவரிக்கு முன் அவற்றை எடுக்க மறந்தால் சஸ்பென்ஷன் கட்டையாக அடிக்கும். அடுத்தது போல்ட் முறுக்கம். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காமல், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில், நிறுவனம் குறித்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியே இருக்கும்; மாற்றிய புது புஷ்ஷும் விரைவில் கிழியும்.

எது ஆபத்து, எது தொல்லை

ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றின் தொடக்கநிலை ஆட்டம் தொல்லைதானே தவிர உடனடி ஆபத்து இல்லை. சர்வீஸ் சென்டர் வரை நிதானமாக ஓட்டிச் செல்லலாம். பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், வீல் நட், சப்ஃபிரேம் போல்ட் ஆகியவை அப்படி அல்ல. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி ஒருபக்கம் உட்கார்ந்துவிடும். டை ராடு விலகினால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்கின் சொல் கேட்காது. சத்தத்தோடு வண்டி ஒருபக்கம் இழுப்பது, ஸ்டீயரிங் நேராக நிற்காதது, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது, பிரேக்கில் வண்டி தடுமாறுவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வண்டியை ஓட்டாமல், நிறுவனத்தின் சாலையோர உதவியை அழைத்து ஏற்றி அனுப்புவதே சரி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்துத் தேடுவது உயிருக்கு உலை வைக்கும்.

வாரண்டியும் ஜாப் கார்டும்

வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷாக் அப்சார்பர், லிங்க், பால் ஜாயின்ட் போன்றவை பொதுவாக அதில் அடங்கும். ரப்பர் புஷ்களைத் தேய்மானப் பொருள் என்று சில நிறுவனங்கள் விலக்குகின்றன, அல்லது குறுகிய காலத்துக்கு மட்டும் ஏற்கின்றன. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகியிருந்தாலோ, பெரிய அளவு டயர், அலாய் வீல் மாட்டியிருந்தாலோ கோரிக்கையை மறுக்க அது காரணமாக்கப்படலாம். பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருந்தால் வாரண்டி கிடைப்பது கடினம். அப்போது முழுமையான காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவில் கோரலாம். வெறும் தேய்மானத்துக்குக் காப்பீடு பணம் தராது.

சர்வீஸ் சென்டரில் அடிக்கடி கேட்கும் பதில், ‘இந்த மாடலே இப்படித்தான் சார்’ என்பது. இதற்கு வாய்ப்பேச்சில் பதில் தேடுவதால் பயன் இல்லை. அதே மாடலின் டெமோ வண்டியை அதே பாதையில் ஓட்டி ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்கலாம். டெமோ வண்டியில் அந்தச் சத்தம் இல்லையென்றால் அந்தப் பதில் அங்கேயே அடிபட்டுப்போகும்.

ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்-அப்’ என்று எழுத விடக் கூடாது. ‘20 கி.மீ. வேகத்தில் வேகத்தடையைச் சாய்வாகக் கடக்கும்போது முன் இடப்பக்கம் லொடக் சத்தம்’ என்று நிலை, வேகம், பக்கம் மூன்றும் எழுத்தில் வர வேண்டும். சர்வீஸ் அட்வைசரை உடன் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டிய பிறகு கையெழுத்திடுவது நல்லது. கட்டணமே இல்லாத வேலையாக இருந்தாலும் செய்த வேலை, மாற்றிய பாகம், தேதி, ஓடிய கிலோமீட்டர் அடங்கிய ரசீதை வாங்கிவிட வேண்டும். சத்தம் பதிவான வீடியோவும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சலும் கூடுதல் சான்று. வாரண்டி காலத்தில் பதிவான புகார், வாரண்டி முடிந்த பின்னும் வலுவோடு நிற்கும்.

சட்டம் தரும் வழிகள்

அமெரிக்காவில் உள்ளதைப் போல, பழுதான புதுக்காரை மாற்றித் தருவதற்கென்றே தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இங்கே துணை நிற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பொருளின் தரத்திலுள்ள குறை, சேவைக் குறைபாடு இரண்டும் அதன் வரம்புக்குள் வருகின்றன. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு சமரசத்துக்கு முயற்சி நடக்கும். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

தீர்வு கிடைக்காவிட்டால் அடுத்தது நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை; புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடப்பதால் மட்டும் இந்தக் கெடு நீளும் என்று நம்பியிருக்கக் கூடாது. நிறுவனத்தின் பெயரில், வணிக நோக்கத்துக்காக வாங்கிய வண்டிக்கு இந்த வழி பொதுவாகத் திறக்காது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டாக்சிக்கு விலக்கு உண்டு.

குறையை நீக்குதல், பொருளை மாற்றித் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் லிங்க் ஆடியதற்காகப் புது வண்டி கிடைத்துவிடாது. மாருதி உத்யோக் – சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரண்டி ஒப்பந்தப்படி கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. முழு வண்டியை மாற்றித் தரும் உத்தரவு ரத்தானது. 2010-ல், சி.என்.அனந்தராம் – ஃபியட் இந்தியா வழக்கிலும் புகார் சத்தம் பற்றியதுதான். சுயேச்சையான நிபுணர் சோதித்து, உற்பத்தியிலேயே குறை உண்டு என்று கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் நீதிமன்றம் சொன்னது. ஆகவே, பெரிய நிவாரணம் கேட்பவருக்கு நிபுணர் அறிக்கை முக்கியம். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது தகுதியான ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அதைப் புகார்தாரரே மனுவில் கேட்கலாம். பாகம் முறிந்து விபத்தாகி உடலுக்குத் தீங்கு நேர்ந்தால், அதே சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்கீழ் தனியே இழப்பீடு கோரவும் வழி உண்டு.

ஒரே பழுது பல வண்டிகளில் இருந்தால்

பால் ஜாயின்ட்டோ லோயர் ஆர்மோ ஒரு தொகுதி வண்டிகளில் ஒரே மாதிரி பழுதானால் அது தனியொருவரின் புகாராக நின்றுவிடக் கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டிகளைத் திரும்பப்பெறும்படி ஆணையிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இது 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிறுவனங்கள் தாமாகவே அறிவிக்கும் ரீகால்களும் உண்டு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, தன் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ உரிமையாளர் கேட்டறியலாம். ரீகால் வேலைக்குப் பணம் கேட்கக் கூடாது.

ஆக, முன்பக்கச் சத்தத்தை ரேடியோ ஒலியில் மறைத்துவிட்டு ஓட்டுவது பாதுகாப்பையும் வாரண்டியையும் ஒருசேர இழக்கும் வழி. கேட்ட வாரத்திலேயே வண்டியைக் காட்டி, ஜாப் கார்டில் தெளிவாக எழுத வைத்து, நகலைப் பத்திரப்படுத்துவதே எல்லாப் பரிகாரங்களுக்கும் அடிப்படை.