பத்து காஜா பாங்காக் ஆன கதை

விடிகாலை ஐந்தே கால். பேராக்கில், பத்து காஜாவைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்கு நடுவே தப்பிப் பிழைத்த மூன்று ஏக்கர் ரப்பர் நிலம். இருட்டு, கொசு, இரண்டு விளக்கு, ஒரு கேமரா, ஏழு பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவன் என் அண்ணன் மகன். வயது 22. தோட்டத்துக் கதை ஒன்றைக் குறும்படமாக எடுக்கிறான். நான் வந்தது நாசி லெமாக் பொட்டலமும் தேத்தண்ணியும் கொடுக்க. அம்மா வந்தது "சும்மா வேடிக்கை பாக்க". சும்மா வேடிக்கை பார்க்கிற ஆளா அவர்! கல்யாணமாகி வந்த மறு மாதம் விடிகாலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நின்று, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை பால்மரம் வெட்டியவர்.

கதாநாயகிக்கு இருபது வயது. தலையில் விளக்கு, கையில் பால்வெட்டுக் கத்தி. பையன் "ஆக்‌ஷன்!" என்றதும், மரத்தில் கத்தியை வைத்து வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கம் கீழே ஒரே இழுப்பு.

"நிறுத்து, நிறுத்து!"

கத்தியது டைரக்டர் இல்லை. அம்மா.

"என்னம்மா இது, கேரட்டா சீவுற? கோடு இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ இறங்கணும். நீ மாத்திப் போட்டா அரை மங்கு பால்கூட வராது!"

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரப்பர் மரப்பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை. லேசாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடம் மேலே, வலம் கீழே என்று வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அதுவும் ஆழம் தெரிந்து வெட்ட வேண்டும். ஒரு நூல் கூடுதலாகப் போனால் மரத்துக்குக் காயம். அடுத்த முறை அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இதையெல்லாம் அம்மா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கங்காணியிடம் வாங்கிய திட்டில் படித்தார்.

அடுத்த கூத்து பால் பிடிக்கும் மங்கில். கலை இயக்கத்தைப் பார்த்துக்கொண்ட பிள்ளை, ரப்பர் பாலுக்குப் பதிலாக டின் பாலைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி வைத்திருந்தான். கேமராவில் அசல் போலவே இருந்தது. எறும்புக்கும் அசல் போலவே இருந்திருக்கும் போல! பத்து நிமிடத்தில் மங்கு கறுப்பாகி, கதாநாயகி கத்தியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதே பத்து காஜா வட்டாரத்தில்தானே ஹாலிவுட்காரர்கள் ஒரு முழு அரண்மனையைக் கட்டி, ஊரையே பாங்காக் என்று உலகத்தை நம்ப வைத்தார்கள்!

சியாம் ராஜாவின் கோல்ஃப் திடல்

1999இல் வந்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்தைச் சொல்கிறேன். ஜோடி ஃபாஸ்டர் ஆங்கிலேய ஆசிரியை அன்னா. சோ யுன் ஃபாட் சியாம் மன்னர் மோங்குட். கதை முழுக்க நடப்பது 1860களின் பாங்காக்கில். ஆனால் தாய்லாந்து அரசாங்கம் தன் மண்ணில் எடுக்க அனுமதி தரவில்லை; முடிந்து வந்த படத்துக்கும் அங்கே தடை. இயக்குநர் ஆண்டி டென்னன்ட் பெட்டி படுக்கையோடு மலேசியாவுக்கு வந்தார். பினாங்கு, லங்காவி, ஈப்போ என்று மூன்று இடத்தில் கூடாரம் அடித்தார்கள். அதில் மாபெரும் அரண்மனை செட் எழுந்தது ஈப்போ பக்கத்து நம்ம பத்து காஜா கோல்ஃப் திடல் ஒன்றில்!

யோசித்துப் பாருங்கள். ஈயம் தோண்டிய பள்ளமும் குட்டையுமாகக் கிடந்த கிந்தா பள்ளத்தாக்கில், பந்தடிக்கிற புல்வெளியில், திடீரென்று சியாம் ராஜாவின் கோபுரங்கள். அந்தப் படத்துக்குக் கலை இயக்கத்துக்கும் ஆடை வடிவமைப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பாங்காக் பெயரில் பாதி உலகம் பார்த்து வாயைப் பிளந்தது பேராக் மண்ணை.

இன்னொரு ரகசியம். பத்து காஜா சாலையோரம், பாதி கட்டி நின்றுபோன கெல்லி காசலும் அந்தப் படத்தில் தலைகாட்டியது. கட்டடத்தின் சொந்தக் கதையே ஒரு படம்தான். ஸ்காட்லாந்திலிருந்து இருபது வயதில் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் தோட்டத்துத் துரையாகிப் பணம் சேர்த்து, 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. லிஃப்ட் வைக்கக்கூட இடம் விட்டுக் கட்டினார். வேலைக்கு வந்தவர்கள் மதராஸிலிருந்து வந்த நம்ம ஆட்கள். கொள்ளை நோய் அவர்களை வாரிக்கொண்டு போனபோது, மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தாருங்கள் என்று கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். பக்கத்திலிருக்கும் அந்தக் கோயிலுக்குப் போனால் மேலே நிமிர்ந்து பாருங்கள்: சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். துரை 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். லிஃப்ட் வரவே இல்லை. கேமராக்கள்தான் வந்தன.

ஹாங்காங்கும் இங்கேதான்

சரி, பாங்காக் ஆயிற்று. அடுத்தது ஹாங்காங். ஆங் லீயின் 'லஸ்ட், காஷன்', 2007. டோனி லியுங், டாங் வெய். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். 1930களின் ஹாங்காங் வேண்டும். ஆனால் அசல் ஹாங்காங் தன் பழைய கடைவீடுகளை இடித்து வானத்தைக் குத்துகிற மாடிகளாக்கி ரொம்ப நாளாயிற்று. ஈப்போ பழைய பட்டணம் மட்டும் ஈயக் காலத்துக் கடைவீடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, பவுடர் மட்டும் பூசினால் போதும் என்று காத்திருந்தது. ஆங் லீ ஈப்போவுக்கும் பினாங்குக்கும் வந்து ஹாங்காங்கை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தை நான் கதைக்காகப் பார்க்கவே இல்லை. ரிமோட்டில் விரலை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, "இந்தத் தூணைப் பாத்திருக்கேனே! இந்த ஐந்தடிப் பாதையில நான் ஐஸ் கச்சாங் சாப்பிட்டிருக்கேனே!" என்று கூவிக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஊர் மட்டுமா, ஊர்க்காரியும் அப்படித்தான். ஈப்போவில் 1962இல் பிறந்த மிஷல் இயோவை எடுத்துக்கொள்ளுங்கள். 'க்ரௌச்சிங் டைகர்' படத்தில் சீனத்து வாள்வீராங்கனை. 'மெமாய்ர்ஸ் ஆஃப் எ கெய்ஷா'வில் ஜப்பானிய கெய்ஷா. 'தி லேடி'யில் பர்மாவின் ஆங் சான் சூச்சி. 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது அவர் நடித்திருந்தது அமெரிக்காவில் சலவைக்கடை நடத்தும் சீன அம்மாவாக. எங்க ஊர் தண்ணீர் காபிக்கு மட்டும்தான் நல்லது என்று யார் சொன்னது? வேஷத்துக்கும் அது ராசியான தண்ணீர்!

காலுறையில் வந்த சூறாவளி

இதற்கு நேர் எதிர்க் கதை அமெரிக்காவின் புல்வெளி மாநிலமான கான்சாஸுக்கு. 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' (1939) என்றாலே கான்சாஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் கதாநாயகி டோரதியின் பண்ணைவீடு இருந்தது கலிபோர்னியாவில், எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்குள். அந்த வீட்டைத் தூக்கிப் போகும் பிரசித்தி பெற்ற சூறாவளி என்ன தெரியுமா? மஸ்லின் துணியில் தைத்த 35 அடி நீளக் காலுறை! மேலே கட்டிச் சுழற்றி, புழுதி ஊதி, உலகத்தையே நடுங்க வைத்தார்கள். கான்சாஸுக்குப் பெயர் கிடைத்தது, படப்பிடிப்பு கிடைக்கவில்லை. பேராக்குக்குப் படப்பிடிப்பு கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் அந்தக் கான்சாஸ் கதிதான் நேர்ந்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. நாலே வருஷத்தில் 'தி பிளான்டர்ஸ் வைஃப்' என்று பிரிட்டிஷ் படம் வந்துவிட்டது. கிளாடெட் கோல்பெர்ட், ஜாக் ஹாக்கின்ஸ் நடித்த அந்த மலாயா தோட்டக் கதைக்கு ஸ்டுடியோ இங்கிலாந்தின் பைன்வுட். அதில் துரை உண்டு, துரைசானி உண்டு, துப்பாக்கி உண்டு. லயத்தில் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டிய என் பாட்டிக்கு அதில் என்ன வேலை?

ஈப்போ ஈப்போவாக நடித்தபோது

ஈப்போவுக்கு ஈப்போ வேஷமே கொடுத்த புண்ணியவதி, இயக்குநர் யாஸ்மின் அஹ்மட். விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். பெட்ரோனாஸ் பண்டிகை விளம்பரங்களால் நம்மையெல்லாம் அழ வைத்தவர். அவருடைய 'செப்பெட்' படத்தில், திருட்டு வி.சி.டி. விற்கும் சீனப் பையன் கடைக்கு மலாய்ப் பெண் ஒருத்தி வந்து நிற்பாள். அங்கே தொடங்கும் காதல். சந்து, பசார், மழை, எல்லாம் சொந்தப் பெயரோடு. 2005இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமானது.

'டேலண்டைம்' (2009) எனக்கு இன்னும் நெருக்கம். பள்ளிப் பாட்டுப் போட்டி. பாடுகிற மெலூரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறவன் மகேஷ்: தமிழ்ப் பையன், காது கேளாதவன். அவள் பாட்டை அவனால் கேட்க முடியாது! மகேஷின் அக்காவாக வருபவர் நம்ம ஜாக்லின் விக்டர். அந்த வீட்டில் பேசுகிற தமிழ் கோடம்பாக்கத் தமிழில்லை; நம்ம வீட்டுச் சமையலறைத் தமிழ். படம் மார்ச்சில் வந்தது. ஜூலை 25இல் யாஸ்மின் போய்விட்டார், 51 வயதில். ஈப்போ அவரை மறக்கவில்லை: முன்பு நாடகக்காரர்கள் தங்கிய கோங் ஹெங் கட்டட வளாகத்தில் அவருக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்தார்கள்.

தோட்டத்தைத் தமிழிலேயே திரைக்குக் கொண்டு வந்தவர்களும் உண்டு. 2005இல் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 1960களின் தோட்டக் குடும்பத்தைக் காட்டியது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் அடுத்த தலைமுறையை, அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சுட்டியின் கண்வழியே காட்டியது. மறு வருஷத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களுக்குத் தனி வரிசை என்று சொல்லப்போய் ஊரே கொதித்து, விதியை மாற்றி, கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்று 'ஜகாட்' பெயரையே வாசித்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயாசம்.

கையும் ஒரு வேஷம்தான்

மறுபடி அந்த மூன்று ஏக்கருக்கு வாருங்கள். மணி ஏழு. இங்கேதான் புரிந்தது, பாங்காக் கட்டுவதைவிட ஒரு ரப்பர் நிரையைப் படம் பிடிப்பது கஷ்டம் என்று. ரப்பர் மரம் பால் கொடுப்பது குளிர்ந்த விடிகாலையில். கேமரா வேலை செய்வது வெளிச்சத்தில். வெயில் ஏற ஏற வெட்டில் ஊறும் பால் சுணங்கும். வெளிச்சம் போதுமா என்று பார்த்தால் பால் இல்லை. பால் இருக்கும்போது வெளிச்சம் இல்லை. ஒன்பது மணிக்கு வெயில் உறைத்ததும் காய்கள் "டப், டப்" என்று வெடித்துக் கொட்டைகளைத் தெறிக்கவிட்டன. ஒலிப்பதிவுப் பெண் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தாள். "தோட்டாவா?" என்று கேட்டாள். அவள் சுபாங் ஜெயாக்காரி, பாவம்.

அதற்குள் பையன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "பாட்டி, வெட்டுறத மட்டும் நீங்க வெட்டிக் காட்டுறீங்களா? உங்க கைய மட்டும் எடுத்துக்கறோம்."

மறுநாள் மறுபடி இருட்டில் போனோம். அம்மா கதாநாயகியின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டார். கை கொஞ்சம் இறுக்கம். மரத்தருகே போனவர், முதலில் கத்தியைத் தொடவே இல்லை. முந்தின நாள் வெட்டில் காய்ந்து கிடந்த பாலைச் சர்ரென்று நூலாக உரித்துச் சுருட்டி இடுப்புப் பைக்குள் போட்டார். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போயிற்று. பிறகு கத்தி. பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழ, வெள்ளைக் கோடு ஒன்று மினுங்கி, சரிந்து, தகரப்பள்ளம் வழியாக மங்கில் சொட்டியது. அசல் பால். எறும்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சின்னத் திரையில் போட்டுக் காட்டினான். இருபது வயது முகம். அடுத்த காட்சியில் எழுபத்துநாலு வயது விரல்கள். தலைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சுருக்கம் தெரியவில்லை என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூர்ந்து பார்த்தார்.

"என் மூஞ்சி எங்கடா?"

"உங்க கைதான் பாட்டி நடிக்குது."

"அப்ப பேரு?"

பையன் தலையைச் சொறிந்தான். கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'கைகள்' என்று தனி வரி போட்டு, பாட்டியின் முழுப்பெயரும் பிறந்த தோட்டத்தின் பெயரும் சேர்ப்பதாகச் சத்தியம் செய்தான். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி, பெயர்ப்பலகைகூட மாறிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, "டிவிஷன் பேரையும் போடு. இல்லாட்டி எந்த லயம்னு எவனுக்குத் தெரியும்?" என்றார்.