எரிமலைப் பாறை மீது மும்பை: உளி படாத குன்றைக் காப்பது யார்?

மும்பை: நாட்டில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலை, அந்தமான் கடலில் உள்ள ஆளில்லாத பாரன் தீவு மட்டுமே. 1991-ல் மீண்டும் விழித்த அது, 2025 செப்டம்பரிலும் குமுறியது. கப்பலில் இருந்தபடியே கண்டு திரும்புவதுதான் அங்கே வழக்கம்.

எரிமலை நிலத்தில் கால்பதித்து நடக்க விரும்பும் தாராவி, மாட்டுங்கா தமிழர்கள் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு இறுகிய பாறையின் மீதுதான் மும்பையே அமைந்துள்ளது. 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய சயான் கோட்டை நிற்கும் குன்றும் அத்தகையதே. செம்பூரை அடுத்த டிராம்பே குன்றுப் பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருப்பதால், அங்கு நினைத்தபடி ஏற இயலாது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகேறினால் எலிபெண்டா. போரிவலி வனப்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் கொண்ட கன்ஹேரி. இரண்டுமே எரிமலைப் பாறையைக் குடைந்தவை.

அந்தேரி மேற்கில் உள்ள கில்பர்ட் குன்றின் கதை வேறு. சுமார் 60 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் கரும்பாறை அது. குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது வெடித்துப் பிளந்த தூண்கள், அடுக்கி நிறுத்தியதுபோல் நிற்கின்றன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் உச்சியில் காவ்தேவி அம்மன் கோயில். ஆனால் சுற்றிலும் கல் உடைத்து, குடிசைகளும் அடுக்குமாடிகளும் நெருங்கிய பிறகே, 2007-ல் மாநகராட்சி இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதேபோன்ற தூண்பாறையான டெவில்ஸ் டவரை அமெரிக்கா 1906-லேயே தேசியச் சின்னமாக்கிவிட்டது.

எலிபெண்டாவையும் கன்ஹேரியையும் தொல்லியல் சட்டம் காக்கிறது. உளி படாத பாறைக்கு அத்தகைய மத்தியச் சட்டம் இல்லாத நிலையில்தான், 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்கான வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அதிகாரம் முழுவதும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் குவிவதாக நிலவியலாளர்கள் சிலர் ஆட்சேபித்தனர். நிலத்தைக் கையகப்படுத்தவும் அதில் வழி உண்டு. பாறையைக் காக்கும்போது அடிவாரத்தில் குடியிருப்போர் எங்கே போவது என்ற கேள்வியும் எழுகிறது. மறுசீரமைப்பின் பெயரால் இடம்பெயர்வை அஞ்சும் தாராவிக்கு இது புதிய கேள்வியல்ல.

2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்த தக்காண எரிமலை அடுக்குகள், பஞ்சகனி, மகாபலேஸ்வரில் உள்ளவை. கில்பர்ட் குன்று அதில் இல்லை.