கார் ஏன் உதறுகிறது?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இருபது வருஷமாக முன் ஸீட்டில் உட்கார்ந்து வருகிறேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஆவணியில் மதுரையில் என் மகளுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைத் திருச்சிக்கு அழைத்து வந்தோம். நானும் அவரும் முன்னால். அவள் பின் ஸீட்டில் தலையணையோடு. மேலூர் தாண்டி ரோடு நன்றாக இருக்கவே, இவர் 80-க்கு மேல் வேகம் எடுத்தார். உடனே ஸ்டியரிங் படபடவென்று ஆட ஆரம்பித்தது. அவர் கையில் இருந்த வாட்ச் கூட ஆடியது.

"ஏங்க, இது என்ன இப்படி உதறுது?"

"ரோடு சரியில்லே. பேசாம வா."

ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது! பக்கத்தில் போன கார்களெல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. உண்மையில், பத்து நாள் முன்பே லேசான ஆட்டம் இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். 'வீல் அலைன்மெண்ட்' பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இவருக்கும் திருப்தி. எனக்குத்தான் இல்லை.

"பின்னாடி உனக்கு ஆடுதாம்மா?" என்று மகளைக் கேட்டேன். "பெருசா ஒண்ணும் தெரியலையேம்மா" என்றாள். அது எவ்வளவு முக்கியமான பதில் என்று எனக்கு அப்போது தெரியாது. கொட்டாம்பட்டியை நெருங்கும்போது 40 வேகத்திலேயே வண்டி நொண்டி நொண்டி ஆடியது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நிறுத்தினால்தான் ஆச்சு. ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி உட்கார்ந்திருக்கா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ரோட்டோரப் பஞ்சர் கடையில் நிறுத்தினார்.

கடைக்காரருக்கு என் மகன் வயசுதான் இருக்கும். முதலில் எல்லாச் சக்கரத்து நட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பார்த்தார். நட்டு தளர்ந்தாலும் இப்படித்தான் ஆடுமாம். பிறகு ஜாக்கி போட்டு, இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றினார். டயரின் உள்பக்கம், நாம் நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு!

"எங்கேயாவது பள்ளத்துலே இறக்கினீங்களா, சார்?"

அவர் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஒரு மாதம் முன்பு ராத்திரி மழையில், தண்ணீர் நின்ற குழியில் 'டமால்' என்று விழுந்தோம். அந்த அடியில் டயருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடுமாம். அந்த இடம் பலமிழந்து, காற்றின் அழுத்தத்தில் புடைக்கும். "இது எந்த நேரமும் வெடிக்கும்மா. ஒட்டுப் போட முடியாது, மாத்தத்தான் வேணும்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மகளிடம் "பஞ்சர்" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டெப்னியை எடுத்தால், அதில் பாதிக் காற்றுதான் இருந்தது. (சமையலறையில் உப்பு தீர்ந்தால் கேள்வி கேட்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.) காற்றடித்து மாட்டி, 60-க்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் டயர் கடைக்கு நானும் போனேன். முன்னால் இரண்டு டயரையும் மாற்றி 'பாலன்சிங்' செய்தார்கள். வாஷிங் மெஷினில் துணியெல்லாம் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் பிழியும்போது மெஷினே குதிக்கிறதல்லவா? சக்கரமும் அப்படித்தான். ஒரு பக்கம் சில கிராம் கனம் கூடினாலும் வேகத்தில் உதறும். சக்கரத்தை மெஷினில் சுற்றவிட்டு, கனம் குறைந்த இடத்தில் சின்ன எடைக்கட்டி ஒட்டுகிறார்கள். ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால்கூட இந்த உதறல் வருமாம்; கழுவினாலே போய்விடும். அலைன்மெண்ட் என்பது வேறு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் அதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கடை மேஸ்திரியிடம் நான் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டது: ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், ஸீட்டும் தரையும் ஆடினால் பின் சக்கரம். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கில் கோளாறு. வேகம் எடுக்க மிதிக்கும்போது மட்டும் என்றால், சக்கரத்தைச் சுழற்றும் அச்சைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வண்டி நிற்கும்போதே அதிர்ந்தால், அது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் அல்லது ஸ்பார்க் பிளக். மெல்லப் போகும்போதே நொண்டினால் மட்டும் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாமல் ஓரங்கட்ட வேண்டும். ஆகவே, மெக்கானிக்கிடம் "வண்டி ஆடுது" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எங்கே, எதை மிதிக்கும்போது என்று சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரித்தது. எங்கள் டயருக்கு ஆறு வயசு முடிந்திருந்தது! சக்கரம் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் பெல்ட் போடாமல் இருக்கக் கூடாது. கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டி வர வேண்டும்.

கார்த்திகையில் பேரன் பிறந்தான். அவனை மதுரைக்குக் கொண்டுவிடும் நாளில், காலையில் காபியோடு வாசலுக்கு வந்தேன். இவர் குனிந்து, டார்ச் அடித்து, டயரின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்டெப்னிக்கும் காத்தடிச்சாச்சு" என்றார்.